சிட்டிசன் சயின்ஸைக் 'குடிமக்கள் அறிவியல்' என்று சொன்னால் என்ன? வெறும் பெயருக்கா இவ்வளவு சண்டை?

இப்படிக் கேட்டவர் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் யாருக்கு இந்தக் கவலை வரும். சிட்டிசன் சயின்ஸ் என்றால் விஞ்ஞானி அல்லாத சாதாரண ஆட்கள் ஆய்வுக்குத் தகவல் சேர்த்துக் கொடுப்பது. அமெரிக்காவில் நடக்கும் சண்டை வேறு. அங்கே சிட்டிசன் என்றதும் குடியுரிமைக் காகிதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அது கையில் இல்லாதவர் பறவை எண்ணக்கூட ஒதுங்கிப் போவார் என்கிறார்கள். அங்குள்ள சிட்டிசன் சயின்ஸ் சங்கமே 2023இல் பெயரில் இருந்த சிட்டிசனை எடுத்துவிட்டுப் 'பங்கேற்பு' என்று மாற்றிக்கொண்டது. இங்கே முகாமில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காத ஈழத் தமிழர்களை நினைத்தால் அந்தப் பேச்சு நமக்கும் பொருந்தும்.

எனக்கு உறுத்தியது வேறு. திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆட்களிடம் 'குடிமகன்' என்று சொல்லிப் பாருங்கள், முடி வெட்டுபவரைச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குடிமக்கள் என்றால் ஊருக்கு ஊழியம் செய்த சாதிகள், அகராதியிலும் இருக்கிறது. (டாஸ்மாக் ஜோக் எனக்கும் தெரியும், வேண்டாம்.) நான் அந்தக் குடும்பம்தான்.

சில வருடம் முன்பு ஒரு தை மாதம் எங்கள் குளத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்பாவையும் கூட்டிப் போனேன். கரையில் கட்டியிருந்த பேனரை எழுத்துக்கூட்டி வாசித்தார்: 'குடிமக்கள் அறிவியலாளர்களே வருக'. என் பக்கம் திரும்பி, "ஏலே, நம்மளத்தான் கூப்பிடுதாவளா?" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் பைனாகுலர் இல்லாமலே எண்ண ஆரம்பித்தார். நாமக்கோழி இருநூறுக்கு மேல், முக்குளிப்பான் நாற்பது, அந்தக் கடைசியில் கூழைக்கடா ஒன்பது. அட்டை வைத்திருந்த வெளியூர்ப் பையன், "இங்கிலீஷ் பேர் சொல்லுங்க ஐயா, அதுலதான் ஏத்தணும்" என்றான். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட பறவைக்கு நாமக்கோழி என்பதைவிட என்ன பெயர் வேண்டும்? அப்பா வாயை மூடிக்கொண்டார். அறிக்கை வந்தபோது அவர் 'உள்ளூர் உதவியாளர்' பட்டியலில் இருந்தார். அவர் சொன்னதை எழுதிக்கொடுத்த எனக்கு அறிவியலாளர் என்று சான்றிதழ்.

எதிலும் சாதியைத் தேடுகிறான் என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று, பேனர் எழுதியவர் நல்ல மனுஷர், அவருக்கு அந்த அர்த்தமே தெரியாது. தெரியாமல் போனதைத்தான் சொல்கிறேன், அவரைத் திட்டவில்லை.

சரி, வேறு பெயர்? கம்யூனிட்டி சயின்ஸை அப்படியே தமிழாக்கினால் சமூக அறிவியல், அது பள்ளிக்கூடத்துப் பாடம். மக்கள் அறிவியல் என்பதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாதிரியான ஆட்கள் 1980களிலிருந்தே வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அது அறிவியலை மக்களிடம் கொண்டுபோவது. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்காமல் தாங்களே பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கேள்வியும் அவர்களுடையது, மூக்கும் அவர்களுடையது. அதற்கு எந்தப் பெயர் வைப்பீர்கள்? என்னைக் கேட்டால் 'பங்கேற்பு அறிவியல்' பரவாயில்லை, ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம் போடுங்கள்.

படிவம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் செயலியில் கணக்குத் தொடங்கினாலும் கடைசிப் பெயர் கேட்டு உயிரை வாங்குகிறார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் மட்டும் போட்டால் ஏற்காது, வங்கியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. இந்தக் கணக்கெடுப்புக்குப் பதியும்போதும் அப்பா பெயரைத்தான் கடைசியில் போட்டேன். சான்றிதழ் அடித்தவர்கள் முதல் பெயரை விட்டுவிட்டு 'மிஸ்டர்' போட்டு அதை மட்டும் அச்சடித்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி நான் மெயில் எழுதவில்லை. அப்பா அதை லேமினேட் செய்து கடையில் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறார்.