தாத்தாவோட சிவப்புக்கல் கடுக்கன்

வணக்கம் அக்கா,

ரொம்ப நாளா உங்கள படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எனக்கு 47 வயசு, விருதுநகர் பக்கம் ஒரு டவுன்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். பொங்கலுக்கு பரண் ஒதுங்க வைக்கும்போது ஒரு தகர டப்பாவுல எங்க தாத்தா போட்டிருந்த சிவப்புக்கல் கடுக்கன் ஜோடி கெடச்சது. அப்பா கவர்மெண்ட் உத்தியோகத்துல சேர்ந்ததும் கடுக்கன் வேணாம்னு டப்பாவுல வச்சுட்டாராம். எனக்கு ஒரு வயசுல குலசாமி கோயில்ல மொட்டை போட்டு காது குத்தினாங்க, அஞ்சாவது படிக்கும்போது பசங்க கிண்டல் பண்றாங்கன்னு கழட்டினவன் அப்புறம் போடவே இல்ல, இப்ப தூர்ந்துபோய் ஒரு புள்ளி மாதிரி இருக்கு. இந்தக் கடுக்கன போட்டுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. காலேஜ் படிக்கிற பையன் மேல்காதுலயும் ஒன்னு குத்திக்கங்கப்பா, ஸ்டைலா இருக்கும்ங்கறான். வீட்டுக்காரம்மா, பொண்ணு கட்டிக்குடுக்குற வயசுல இது தேவையாங்கறாங்க. எனக்கு கொஞ்சம் சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். இந்த வயசுல குத்தினா ஆறுமா? பாக்க அசிங்கமா இருக்குமா? பேரு போட வேணாம்.

—

அன்புள்ள தம்பி,

போட்டுக்கங்க. முதல்ல அத சொல்லிடுறேன், ஏன்னா உங்க கடிதத்துல "ஆசையா இருக்கு"ன்னு ஒரு இடத்துல எழுதிட்டு அதுக்கப்புறம் முழுக்க பயமாவே எழுதியிருக்கீங்க.

ஒரு வயசுல உங்க காதுல குத்தினாங்களே, அப்ப உங்கள யாரும் கேக்கல. மாமா மடி, மொட்டைத் தலைல சந்தனம், வாயில கொஞ்சம் வெல்லம், ஆசாரி புள்ளி வச்சு சுருக்குன்னு ஒன்னு, ஊரே கேக்குற மாதிரி அழுகை. அது உங்க வீட்டோட விசேஷம், உங்க முடிவு இல்ல. அஞ்சாவதுல கழட்டினதும் பசங்க முடிவுதான். அப்பா கழட்டினது ஆபீஸ் முடிவு. இப்ப 47ல நீங்களா உங்க காதுக்கு ஒன்னு வேணும்னு நினைக்கிறீங்க, இத "இந்த வயசுல எதுக்கு"ன்னு கேட்டா எனக்கு கஷ்டமா இருக்கு, இந்த வயசுலதான தம்பி நம்ம உடம்பு நம்ம கைக்கு வருது.

ஆம்பளைக்கு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒன்னே ஒன்னு சொல்லலாம். சம்பந்தர் தேவாரத்தோட முதல் பாட்டே "தோடுடைய செவியன்"னுதான் ஆரம்பிக்குது. நடராஜர் சிலை பக்கத்துல போய் நின்னு பாருங்க, ஒரு காதுல குழை, இன்னொரு காதுல தோடு, ரெண்டும் வேற வேற. எம்.கே.டி. பாகவதர் படத்துல வைரக் கடுக்கன் இல்லாம அவர் முகத்த யோசிக்க முடியுதா? நம்ம தாத்தாமார் காலம் வரைக்கும் இது சாதாரண விஷயம், நடுவுல ஒரு ரெண்டு தலைமுறைதான் வெறும் காதோட இருந்திருக்கு.

இப்ப ஆறுமாங்கற கேள்வி. ஆறும், ஆனா பையனுக்கு ஆறுற வேகத்துல ஆறாது. காதோட கீழ் மடல் சாதாரணமா 6-லேர்ந்து 8 வாரத்துல ஆறிடும், நீங்க மனசுல 3 மாசம்னு வச்சுக்கங்க. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா புண்ணு இழுத்துக்கிட்டே போகும், சீழ் பிடிக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதனால குத்துறதுக்கு முன்னாடி ஹெச்பிஏ1சி டெஸ்ட் (கடைசி மூணு மாச சுகர் சராசரியா எப்படி இருந்ததுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) எடுத்து உங்க டாக்டர்கிட்ட காட்டி அவர் சரின்னு சொன்னப்புறம் போங்க. ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்கன்னா அதையும் சொல்லுங்க, காது குத்துறதுக்காக நீங்களா அத நிறுத்திடாதீங்க. உடம்புல முன்னாடி எங்கயாவது வெட்டுப்பட்ட தழும்பு மேடா வளர்ந்து கிடக்குன்னா அதையும் காட்டுங்க, அதுக்கு கீலாய்டுன்னு பேரு, காதுல அது வந்துட்டா லேசுல போகாது.

அடுத்தது எங்க, எதால குத்துறதுங்கறது. இதுல நான் பட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். எனக்கு 44 வயசுல மேல்காதுல குத்திக்கணும்னு தோணி ஒரு மால்ல இருந்த கடைல உக்காந்தேன், துப்பாக்கி மாதிரி ஒன்ன வச்சு டப்புன்னு அடிச்சாங்க, அஞ்சே செகண்ட்ல முடிஞ்சது. நாலாவது நாள் காது செவசெவன்னு வீங்கி தலகாணில படுக்க முடியல. மேல்காது குருத்தெலும்பு தம்பி, அதுக்குள்ள ரத்தக்குழாயே கிடையாது, மேல இருக்குற சவ்வுலேர்ந்துதான் அதுக்கு சாப்பாடு போகுது. துப்பாக்கி என்ன பண்ணும்னா மழுங்கின கம்பிய வேகமா அழுத்தி உள்ள தள்ளும், குருத்தெலும்பு நசுங்கும், அங்க கிருமி போயிட்டா மருந்து போய்ச் சேர்றதே கஷ்டம். ரெண்டு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். இன்னிக்கும் இடது காதோட மேல் விளிம்புல விரல் வச்சா ஒரு பள்ளம் தெரியும், அந்த இடம் அப்படியே உள்ள அமுங்கிடுச்சு.

அதனால ஊசிதான். உள்ள குழல் மாதிரி இருக்குற ஊசி, ஒரு ஆளுக்கு ஒரே தடவை, சீல் கவர உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், கையில கிளவுஸ் இருக்கணும், நகைய ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்தமான நீராவியால கிருமிய கொல்ற மெஷின்ல வச்சு எடுத்திருக்கணும். நல்ல பியர்சிங் ஸ்டூடியோ இப்ப மதுரை மாதிரி ஊர்லயே இருக்கு, ஸ்கின் டாக்டர்ங்க சிலரும் குத்துறாங்க. போனதும் உங்க பழைய புள்ளிய காட்டுங்க. சில பேருக்கு வெளிய தூர்ந்த மாதிரி தெரிஞ்சாலும் உள்ள பாதை இருக்கும், மெல்லிசா ஒரு கம்பிய விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். கெட்டியா தழும்பாயிருந்தா அது மேலயே குத்த வேணாம், கொஞ்சம் தள்ளி குத்தச் சொல்லுங்க. இன்னொன்னு, ஒரு வயசுப் பிள்ளை திமிறும்போது வச்ச புள்ளி அது, இப்ப காது வளர்ந்து ஒன்னு மேலயும் ஒன்னு கீழயும் போயிருக்கும். பேனாவுல புள்ளி வச்சதும் எந்திரிச்சு நேரா நின்னு கண்ணாடில பாருங்க, படுத்துக்கிட்டு பாத்தா சரியா தெரியாது. நம்ம வயசுல மடல் கொஞ்சம் தொய்ய ஆரம்பிச்சிருக்கும், அதனால நடுவுலேர்ந்து ஒரு நூல் மேல வச்சா கடுக்கன் கீழ சரிஞ்சு தெரியாம நிமிர்ந்து உக்காரும்.

தாத்தா கடுக்கன முதல் நாளே போட்றாதீங்க. ஆசை புரியுது, ஆனா வேணாம். முதல்ல டைட்டானியத்துல பின்னாடி தட்டையா இருக்குற சின்னக் கம்பி, வீக்கத்துக்கு இடம் விட்டு கொஞ்சம் நீளமா போடுவாங்க, வீக்கம் வடிஞ்சதும் போய் குட்டையா மாத்திக்கணும். ஸ்டீல்ல நிக்கல் கலந்திருக்கும், சில பேருக்கு ஒத்துக்காம அரிக்கும். பழைய நகைல பத்தர் என்ன பொடி வச்சு ஒட்டினார், எவ்வளவு அழுக்கு உள்ள இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

ஆறுற வரைக்கும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேணாம், அம்மா இருந்தா திட்டுவாங்க, எங்கம்மாவும் எனக்கு வேப்பங்குச்சி சொருகி எண்ணெய் வச்சு வளத்தவங்கதான். ஆனா எண்ணெய் ஓட்டைய அடச்சு அழுக்க உள்ளயே நிறுத்திடும். மெடிக்கல்ல நார்மல் சலைன் கேளுங்க, 0.9 சதவீதம் உப்புத் தண்ணி, அதால காலைலயும் ராத்திரியும் நனைச்சு சுத்தமான துணியால ஒத்தி எடுங்க, அவ்வளவுதான். திருகிக்கிட்டே இருந்தாதான் ஒட்டாதுன்னு சொல்வாங்க, திருகாதீங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா வர்ற தோல் கிழியும். உங்க கடைய நினைச்சாதான் எனக்கு கவலை, ஆணி போல்ட்டு எடுத்த கையோட, கிரீஸ் பிசுக்கோட காதத் தொட்டுப் பாக்காதீங்க, அந்த மூணு மாசம் கைய காதுகிட்டயே கொண்டு போக மாட்டேன்னு ஒரு வைராக்கியம் வேணும். முடிக்கு டை அடிக்கிறீங்கன்னா குத்துறதுக்கு முன்னாடியே அடிச்சுடுங்க, புண்ணுல டை பட்டா எரிச்சல் தாங்காது.

பையன் சொன்ன மேல்காது விஷயம். அவனுக்கு நல்லா இருக்கும். உங்களுக்கு இப்ப வேணாம்ங்கறது என் அபிப்ராயம். மேல்காது ஆற 6 மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள தினம் ஹெல்மெட் மாட்டி கழட்டுவீங்க, ஒவ்வொரு தடவையும் இடிக்கும். படிக்கிற கண்ணாடி போடுற வயசு வேற வந்தாச்சு, கண்ணாடிக் கம்பி போய் உக்கார்ற இடமும் பையன் காட்டுற இடமும் பக்கத்துல பக்கத்துல. கீழ ரெண்டும் நல்லா ஆறி, சுகரும் ஒழுங்கா இருந்து, அப்பவும் ஆசை இருந்தா ஹெல்மெட் ஒரசாத இடமா பாத்து வச்சுக்கலாம். சில பேர் காதோட உள் மடிப்புல குத்தினா ஒத்தத் தலைவலி போகும்ங்கறாங்க, அதுக்கு சரியான ஆதாரம் கிடையாது, தலைவலிக்குன்னு யாரும் குத்திக்க வேணாம்.

அசிங்கமா இருக்குமான்னு கேட்டீங்களே. நரை எட்டிப் பாக்குற முகத்துல, வெள்ளைச் சட்டைக்கு மேல, மாநிறமான காதுல ஒரு சிவப்புக்கல் எப்படி இருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. எனக்கு நினைக்கும்போதே அழகா இருக்கு. நீங்க பண்ண வேண்டியது ஒன்னுதான், காதுல வளர்ற முடிய சலூன்ல சொல்லி சுத்தமா எடுத்துடுங்க, கல்லு தனியா தெரியும். வீட்டுக்காரம்மாவ ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்த இடத்துல புள்ளி வைக்கிறதுன்னு அவங்களே பாத்து சொல்லட்டும், தினம் உங்க முகத்தப் பாக்குறவங்க அவங்கதான.

கடுக்கனுக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள அத தயார் பண்ணுங்க. பழைய கடுக்கனோட தண்டு தடியா இருக்கும். உங்க கடைல வெர்னியர் காலிப்பர் இருக்கும்ல, தண்ட அளந்து எழுதிக்கிட்டு குத்தப் போகும்போது சொல்லுங்க, புதுக் கம்பிய போடுறவங்க அதுக்குத் தகுந்த மாதிரி யோசிப்பாங்க. ரொம்பத் தடின்னா பத்தர்கிட்ட குடுத்து தண்ட மட்டும் மெல்லிசா மாத்திக்கலாம், கல்லையும் அது பதிச்சிருக்குற கட்டடத்தையும் தொட வேணாம்னு சொல்லிடுங்க. கல்லு ஆடுதான்னு காதுகிட்ட வச்சு லேசா ஆட்டிப் பாருங்க, ஆடினா சத்தம் கேக்கும். மரை தேஞ்சிருக்கும், அதனால திருகாணி புதுசா நாலு செய்யச் சொல்லுங்க, ரெண்டு காதுக்கு, ரெண்டு அந்த தகர டப்பாவுக்கு. திருகாணி குளிக்கும்போதுதான் தொலையும்.