வேறு தீவு: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா கைலி நெய்கிறவர். 2022 முதல் தைவானின் தைபேயில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். அதற்கு முன் ஐந்து வருடம் சென்னையில் விடுதி வாசம்.

2024 ஏப்ரல் 3 காலை 7.58-க்கு இங்கே வந்த நிலநடுக்கத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் அப்போது விடுதியின் ஆறாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஃபோனில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கட்டில் சுவரில் மோதுகிற சத்தத்தில்தான் விழித்தேன். அறை நண்பன் இந்த ஊர்க்காரன். தலையணையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேஜைக்கடியில் போய்விட்டான். சீனத்தில் என்னவோ கத்தினான், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கதவைத் திறந்துகொண்டு படியில் ஓடினேன். கீழே புல்தரையில் போய் நின்ற பிறகுதான் கவனித்தேன்: வெறுங்கால், இடுப்பில் அப்பா நெய்த கைலி, மேலே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் நிதானமாக இறங்கி வந்தான். கையில் என் செருப்பு. அதைக் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாடு வாங்கப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஆயிரம் தடவைக்கு மேல் ஆடிவிட்டது. இப்போதெல்லாம் ஆடாதபோதும் ஆடுகிறது. மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறேன். அம்மாவிடம், நடுக்கத்தின் மையமான ஹுவாலியன் வேறு தீவு, நான் இருப்பது வேறு தீவு என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை. "படிச்சது போதும், சிரசுத் திருவிழாவுக்கு வந்துடுப்பா" என்கிறார். பூகம்பம் என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? நான் கோழையா சார்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் உங்கள் ஊரில்தான் இருந்தேன். கெங்கையம்மன் சிரசு முடிந்த மறுநாள். கோபாலபுரம் பக்கம் தேங்காய் ஓடும் சாமந்தியும் மிதிபட்டுக் கிடந்தன. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஃபோனில்தான் படித்தேன். செருப்பு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சிரிக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி. புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம். வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். வீட்டில் நான்கு பேரும் தெருவில் இருந்தோம். என் கையில் டிவி ரிமோட். பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் ஆயாவின் ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆயா அதே இடத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். "இன்னாத்துக்குடா எல்லாம் வெளியே ஓடினீங்க, கரண்டு போச்சா?" என்றார். அந்தக் கேள்வியை வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆயா தைரியசாலி இல்லை. அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் அறை நண்பரையும் நீங்கள் தைரியசாலி என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் செய்தது பழக்கம். 1999 செப்டம்பர் 21 விடியற்காலை 1.47-க்குத் தைவானில் வந்த நடுக்கத்தில் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தேதியில் இன்றும் வருடாவருடம் ஒத்திகை நடக்கிறது. அவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது எத்தனை தடவை மேஜைக்கடியில் போயிருப்பார்! நமக்குப் பள்ளியில் அப்படி ஒன்று இருந்ததா? நம் கால் கற்றது வேறு பாடம். ஓட்டு வீடு, ரெண்டு எட்டு வைத்தால் வாசல், ஓடினால் பிழைத்தாய். அந்தப் பாடத்தைத்தான் உங்கள் கால் ஆறாவது மாடியில் ஒப்பித்தது. இடம் தப்பு. ஆடிக்கொண்டிருக்கும் படியில் கால் முறிய எல்லா வாய்ப்பும் உண்டு. அடுத்த தடவை மேஜைக்கடியில் போங்கள், அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நின்ற பிறகு இறங்குங்கள். ஆனால் இதைக் கோழைத்தனம் என்று எழுதாதீர்கள். சரியாகச் சொன்னால் மொழி தெரியாத ஊரில் தூக்கத்திலிருந்து எழுந்தவன் செய்கிற வேலை அது. அவர் கத்தியது "கீழே குனி" என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்த நாலு வார்த்தையை முதலில் அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரை அப்புறம்.

ஃபோன் ஏன் சும்மா இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உங்களை உறுத்துவது தெரிகிறது. நிலநடுக்கத்தில் முதலில் வேகமாக ஓடி வரும் அலை லேசாகத் தட்டும். பின்னால் வரும் மெதுவான அலைதான் கட்டிடத்தைப் பிடித்து உலுக்கும். முதல் அலை கருவியில் பட்டதும் கணக்குப் போட்டு, இரண்டாவது வருவதற்குள் ஃபோனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கல் குவாரியில் வெடிக்கு முன் விசில் ஊதுகிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனால் இங்கே வெடித்த பிறகுதான் விசிலை எடுக்கவே முடியும். கையில் இருப்பது சில நொடி. ஏப்ரல் 3 அன்று அந்தச் சில நொடிக் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வந்துவிட்டது. எச்சரிக்கை அனுப்பும் வரம்புக்குள் தைபே வரவில்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, தைபே முழுக்க ஃபோன் சும்மாதான் இருந்தது.

இப்போது அம்மா விஷயம். கடிதத்தில் நீங்கள் தப்புச் செய்திருப்பது இங்கேதான்.

அம்மாவுக்குப் பூகம்பம் தெரியாது என்கிறீர்கள். 2021 நவம்பரில் நீங்கள் சென்னை விடுதியில் இருந்தீர்கள். அந்த மாத மழை ஞாபகம் இருக்கிறதா? மோர்தானா அணை வழிந்து கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் போனது. 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து ஒன்பது பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. சரியாகப் பத்து நாள் கழித்து, 29-ஆம் தேதி விடிகாலை நாலேகால் மணிக்கு, வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஒரு நடுக்கம். டிசம்பர் 23 பிற்பகலில் இன்னொன்று, 3.5. என் பெரியம்மா மகள் உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். முதல் தடவை அவள் ஃபோனில் சொன்னது, "குவாரியில வெடி வெச்சுட்டானுங்க போல." நாலு மணிக்கு எவன் வெடி வைப்பான் என்று அவளே யோசித்து, அப்புறம்தான் பயந்தாள். மழையில் ஊறிய சுவருக்குக் கீழே படுத்திருப்பவர்களுக்கு 3.6 என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவள் தெருக்காரர்களைக் கேட்டிருக்க வேண்டும். பாயைத் திண்ணைக்கும் தெருவுக்கும் இழுத்துக்கொண்டு வந்து, கார்த்திகைப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தவர்கள் அவர்கள். உங்கள் அம்மாவும் அந்த ஊரில்தான் இருந்தார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். படிக்கிற பிள்ளை, எதற்குச் சொல்லிக்கொண்டு என்று விட்டிருப்பார்.

அவரும் உங்களுக்கு ஒரு வேறு தீவு சொல்லியிருக்கிறார், தம்பி.

அதனால் அவரிடம் உண்மையை எண்களோடு சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். நம் ஊரில் வந்தது 3.6, அங்கே வந்தது 7.2. கேட்டால் சரியாக இரண்டு மடங்கு என்றுதான் தோன்றும். அந்த அளவுகோல் அப்படி ஏறுவதில்லை. ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். ஆக, இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் சுமார் இரண்டரை லட்சம் மடங்கு. இதைக் கேட்டால் அம்மா இன்னும் பயப்படுவாரே என்கிறீர்களா? அடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டரை லட்சம் மடங்கு பெரியது வந்தும் தைவான் முழுவதிலும் இறந்தவர்கள் இருபது பேர் அளவில்தான். அதிலும் பலர் மலைப்பாதையில் உருண்ட பாறைகளால் இறந்தவர்கள். பேரணாம்பட்டில் பூமி அசையாமலே, மழைக்கே, ஒரு சுவர் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. 1999-க்குப் பிறகு தைவான்காரர்கள் கட்டிட விதிகளை இறுக்கினார்கள். உங்கள் விடுதி கட்டிலைச் சுவரில் மோதவிட்டதே தவிர விழவில்லை. டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்களே, ஹுவாலியனில் சாய்ந்து நின்ற அந்தச் சிவப்புக் கட்டிடம், அம்மா பார்த்தது அதைத்தான். சாயாமல் நின்ற மற்றதையெல்லாம் எந்த டிவிக்காரன் காட்டுவான்?

(காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புதிதாக எழும்புகிற அடுக்குமாடிகளைப் பார்க்கிறேன். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்த, சுவரே இல்லாமல் வெறும் தூண். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியவன் நான்தான். அது வேறு கதை.)

ஆயிரம் தடவைக்கு மேல் ஆடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய்யில்லை. அந்தத் தீவுக்குக் கிழக்கே பிலிப்பைன் கடல் தட்டு வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் அளவில், ஒரு விரல் நீளம், வந்து முட்டிக்கொண்டே இருக்கிறது. பெரியது வந்த பிறகு பின்னதிர்வுகள் பல மாதம் இருக்கும். ஏப்ரல் 22 சாயங்காலம் தொடங்கி மறுநாள் விடிகாலைவரை விட்டு விட்டு ஆடியது அந்த வகைதான். அன்று ராத்திரி நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

ஆடாதபோதும் ஆடுவதாகத் தோன்றுவது பைத்தியம் இல்லை. ஜப்பான்காரர்கள் அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: ஜிஷின் யோய். நிலநடுக்க மயக்கம் என்று சொல்லலாம். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து இறங்கினால் படுக்கையும் பஸ் மாதிரி ஓடுமே, அந்த இனம். பெரும்பாலும் தானாகப் போய்விடும். பாட்டிலை அகற்றச் சொல்ல மாட்டேன். தண்ணீர் ஆடவில்லை என்று கண் சொன்னால், உடம்பின் சமநிலையைப் பார்க்கிற காது சமாதானமாகும். ஆனால் இரண்டு மூன்று மாதம் கழித்தும் தூக்கம் வராமல் இருந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர் யாரென்று கேட்டுப் போய்ப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊருக்கு வருவதா வேண்டாமா என்பதை நான் சொல்வதற்கில்லை. ஒரு மாதம் வந்துவிட்டுப் போங்கள், முடிந்தால். இந்த வருடச் சிரசு போய்விட்டது. அம்மாவிடம் முதலில் தீவுக் கதையை வாபஸ் வாங்குங்கள். அப்புறம் 2021-ல் அவர் எத்தனை ராத்திரி வெளியே படுத்தார் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அப்புறம், செருப்பு. கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் வெறுங்காலில் இறங்கக் கூடாது. இன்று ராத்திரியிலிருந்து அதைக் கட்டிலை ஒட்டிக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுங்கள். ஒவ்வொரு தடவையும் அவரே தூக்கிக்கொண்டு வருவாரா?