தேக்கு உயருது, பருக்கவில்லை: பதில்

ஆரல்வாய்மொழிப் பக்கம் 2-க்கு 2 மீட்டரில் நட்ட தேக்கு ஆறாம் வருடமும் குச்சியாகவே நிற்கிறது, உரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரத்தால் தீராது அண்ணாச்சி. ஏக்கருக்கு ஆயிரம் மரம். தலைகள் முட்டி வெயிலுக்கு அடிதடி.

மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் வரிசைகளில் ஒரு வரிசையை விட்டு அடுத்த வரிசையை முழுசாக வெட்டுங்கள். பாதி மரம் போய் இடைவெளி 2.8 மீட்டராகும். நல்ல மரமும் சில போகும், மனசு கேட்காதுதான். தை, மாசியில் முடித்துவிடுங்கள். வைகாசிக்குப் பிறகு வெட்டித் தோப்பைத் திறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று மெலிந்த மரங்களை வளைத்துப் போடும். வெட்டிய கட்டையில் வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

ஓடைக்கரையில் தானாக முளைத்த மருது, புங்கை இருந்தால் தொடாதீர்கள்; கரை மண்ணைப் பிடிப்பது அவைதான். வெட்டவும் லாரியில் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.