கேள்வி – பதில்: டேரன் ஃப்ளெட்சர் ஆடாத ஆட்டம்

கேள்வி: கால்பந்து பற்றிய உங்கள் பதில்களில் கோல் அடிப்பவர்களே வருகிறார்கள். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஸ்காட்லாந்தின் டேரன் ஃப்ளெட்சரைத்தான் சொல்வேன். 1984 பிப்ரவரி 1 அன்று எடின்பரோவில் பிறந்தவர். அருகிலுள்ள டால்கீத் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் இளையோர் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். 2003 மார்ச்சில் பாசல் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) ஆட்டத்தில் முதன்முறையாக மூத்தோர் அணிக்காக இறங்கியபோது அவருக்கு வயது 19. யுனைடெட்டுக்காக 342 ஆட்டங்கள் ஆடி, 24 கோல்கள் அடித்து, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் ஐந்து பட்டங்களில் பங்கு பெற்றார்.

24 கோல்கள்தானா என்று நீங்கள் கேட்கலாம். எதிரணியில் ஆட்டத்தை நடத்துகிறவர் யாரோ அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கூடவே ஓடுவதும், பந்தைப் பறித்த மறு நொடியே அதைப் பக்கத்தில் இருக்கும் தன் ஆளிடம் சேர்ப்பதும், முன்னேறிப் போன பின்காவலர் விட்டுச் சென்ற இடத்தைப் போய் அடைப்பதும்தான் அவருடைய வேலை. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்ந்து போவதால், இந்த ஓட்டத்தில் பாதி நம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் உடன் தொழில் செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது. 2009-10 பருவத்தின் சிறந்த பதினொருவர் அணியை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது, அதில் ஃப்ளெட்சருக்கு இடம் கிடைத்தது.

கேள்வி: தொடக்கத்தில் அவரை யாரும் மதிக்கவில்லை என்று படித்தேன். உண்மையா?
(கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: யாரும் மதிக்கவில்லை என்பது மிகை, மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் முதலிலிருந்தே அவரை நம்பினார். வலப்பக்கத்தில் ஆடியதால் ரசிகர்கள் அவரை, முன்பு அதே இடத்தில் ஆடிய டேவிட் பெக்கமோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏமாந்தார்கள் என்பதே சரி. 2005 அக்டோபர் 29 அன்று மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று தோற்றபின், அணித்தலைவர் ராய் கீன் சக ஆட்டக்காரர்களைக் கடுமையாகச் சாடி ஒரு பேட்டி கொடுத்தார். அதை ஒளிபரப்பாமல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் செய்தி நாளிதழ்களுக்குக் கசிந்தது, திட்டு வாங்கியவர்களில் ஃப்ளெட்சரும் ஒருவர் என்று வெளியானது.

எட்டே நாளில் செல்சீ அணி யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபர்டுக்கு வந்தது. லீக்கில் தொடர்ந்து 40 ஆட்டங்கள் தோற்காமல் வந்த அணி அது. கிறிஸ்டியானோ ரொனால்டோ தூக்கிக் கொடுத்த பந்தை ஃப்ளெட்சர் தலையால் முட்ட, அது வளைந்து மேலெழுந்து கோல்கீப்பர் பீட்டர் செக்கைத் தாண்டித் தூரக் கம்பத்தின் ஓரமாக வலைக்குள் இறங்கியது. ஆட்டம் 1-0 என முடிந்தது. அவர் விமர்சனத்துக்கு வாயால் பதில் சொன்னவர் அல்லர்.

கேள்வி: 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடியிருந்தால் பார்சிலோனா தோற்றிருக்குமா?
(வாசகர், மதுரை)

பதில்: நடந்ததை முதலில் சொல்கிறேன். 2009 மே 5, லண்டன், ஆர்சனலுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டினால் யுனைடெட் 4-0 என முன்னிலையில் இருந்தது. முடிவதற்குக் கால் மணி நேரம்தான் பாக்கி. ஆர்சனலின் செஸ்க் ஃபாப்ரிகாஸ் பந்தோடு பெனால்டி எல்லைக்குள் நுழைந்தபோது, பின்னாலிருந்து துரத்தி வந்த ஃப்ளெட்சர் காலை நீட்டிப் பந்தைத் தட்டினார், அதன் பிறகே ஃபாப்ரிகாஸ் விழுந்தார். திரும்பக் காட்டிய காட்சியில் பந்தில் கால் பட்டது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் நடுவர் பெனால்டியும் கொடுத்தார், சிவப்பு அட்டையும் காட்டினார். சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது, அந்த அடுத்த ஆட்டம்தான் இறுதி ஆட்டம். அட்டையை ரத்து செய்யுமாறு யுனைடெட் கேட்டுப் பார்த்தது. நடுவர் தவறாக வேறொருவருக்கு அட்டை காட்டியிருந்தால் தவிர, வேறு காரணத்துக்கு அட்டையைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்பதால் அது நடக்கவில்லை.

வெற்றி உறுதியான ஆட்டத்தில் அப்படி ஓடியிருக்க வேண்டுமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஓடாமல் நின்றுவிடக்கூடிய ஆளாக இருந்திருந்தால் அவர் அந்த அணியில் இடம் பிடித்தே இருக்க மாட்டார் என்று நான் நினைக்கிறேன். மே 27 அன்று ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவின் சாவியும் இனியெஸ்டாவும் நடுக்களத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். எட்டோவும் மெஸ்ஸியும் கோல் அடிக்க, பார்சிலோனா 2-0 என்று வென்றது. ஃப்ளெட்சர் இருந்திருந்தால் யுனைடெட் வென்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சாவியும் இனியெஸ்டாவும் அவ்வளவு நிதானமாகத் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பந்தைக் கொடுத்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு மாஸ்கோவில் யுனைடெட் இதே கோப்பையை வென்றபோதும் ஃப்ளெட்சர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருந்தார், களமிறங்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால் மனம் கனக்கிறது.

கேள்வி: ஸ்காட்லாந்துக்காக அவர் சாதித்தது என்ன?
(வாசகி, சேலம்)

பதில்: 2003 அக்டோபரில் லிதுவேனியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து அடித்த ஒரே கோல் ஸ்காட்லாந்தை, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பைத் தகுதிச் சுற்றின் பிளே-ஆஃபுக்கு (மீதி இடங்களுக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களுக்கு) கொண்டுபோனது. மறு ஆண்டு மே மாதம் எஸ்டோனியாவுக்கு எதிராக 20 வயதில் அணித்தலைவர் ஆனார். 1886-க்குப் பிறகு அவ்வளவு இளம் தலைவரை அந்நாடு கண்டதில்லை. மொத்தம் 80 ஆட்டங்கள். உலகக் கோப்பை, யூரோ என்று ஒரு பெரிய போட்டியில்கூட ஆடக் கிடைக்கவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறான். ஃப்ளெட்சருக்கும் இதே நோய்தானே?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: இதே நோய்தான், சகோதரி. பெருங்குடலின் உள்தோல் அழன்று புண்ணாகிறது. இரத்தமும் சளியுமாகப் பேதி போகிறது. திடீரென்று அடக்க முடியாமல் வருகிறது. சில காலம் தணிந்திருந்து மீண்டும் கிளம்பும். உணவுப் பழக்கத்தாலோ சுத்தக் குறைவாலோ வந்ததென்று உங்கள் தம்பி தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதுதான் இதில் முக்கியமாக நடப்பது.

ஃப்ளெட்சரும் சொல்லக் கூசியவர்தான். 2011-இல் அவர் ஆடாமல் இருந்தபோது ஏதோ வைரஸ் தொற்று என்றே வெளியே சொல்லப்பட்டது. உடல் மெலிந்துகொண்டே போனது, கேட்பவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் நோயின் பெயரைக் கிளப் அறிவித்தது. 2012-இல் திரும்பி வந்து ஆடினார், முடியவில்லை. 2013 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை. அவர் இனி ஆட மாட்டார் என்றே நானும் நினைத்தேன்.

2013 டிசம்பர் 15 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக அவர் மாற்று ஆட்டக்காரராகக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தபோது, ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்திருந்தது. யுனைடெட் அப்போது வசதியான முன்னிலையில் இருந்தது. அவர்களுடைய ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரம் அந்த ஆட்டத்தின் எந்தக் கோலுக்கும் குறைந்ததல்ல. 2015-இல் வெஸ்ட் பிராம் அணிக்குப் போய்த் தலைவரானார். அடுத்த இரண்டு முழுப் பருவங்களிலும் 38-க்கு 38 லீக் ஆட்டங்கள் ஆடினார்.

எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. பலருக்கு மருந்திலேயே அடங்கும். நன்றாக இருக்கிறது என்று தானாக மருந்தை நிறுத்திவிட மட்டும் விடாதீர்கள். தம்பியோடு அறையிலோ அலுவலகத்திலோ இருக்கும் ஒருவரிடமாவது நோயின் பெயரைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு எழுந்து ஓடும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பொய் தேட வேண்டியிருக்காது.