சிரிப்பு வாயு கொடுத்தால் குழந்தை மயங்கிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. கடைவாய்ப் பல் இரண்டில் சொத்தை. ஊசியைப் பார்த்தாலே அலறுகிறாள். 'சிரிப்பு வாயு' கொடுத்துச் சரிசெய்யலாம் என்கிறார் பல் டாக்டர். மயக்கம் கொடுப்பது மாதிரிதானே இதுவும்? பயமாக இருக்கிறது.

பதில்: தூங்கிவிட மாட்டாள். சிரிப்பு வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடு; அது வலுக் குறைந்த மருந்து. அதை மட்டும் கொடுத்து ஒருவரை முழு மயக்கத்துக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய நடக்காத காரியம். அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் இந்த வாயுவை இழுத்து, சக பல் மருத்துவர் ஒருவரை வைத்துத் தன் பல்லையே பிடுங்கிக்கொண்டார். அந்த நம்பிக்கையில் அடுத்த மாதம் பாஸ்டனில் எல்லார் முன்னாலும் செய்து காட்டினார். நோயாளி கத்திவிட்டார். பாவம், கேலிதான் மிச்சம்.

மூக்கில் மட்டும் ஒரு சின்ன மாஸ்க் வைப்பார்கள். முதலில் வெறும் ஆக்சிஜன், அப்புறம் நைட்ரஸ் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பெரும்பாலும் 50 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். லேசான இனிப்பு வாசனை வரும். நான் பார்ப்பது குழந்தையின் கால்விரல்களை. பயத்தில் மடக்கி வைத்திருந்த விரல்கள் சில நிமிடங்களில் தளர்ந்து விரியும். அப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். மரத்துப்போகிற ஊசி மட்டும் உண்டு. அதை அவள் பெரிதுபடுத்த மாட்டாள், அவ்வளவுதான்.

இந்த வாயு ரத்தத்தில் அதிகம் கரையாது. அதனால் வந்த வேகத்தில் வெளியேறிவிடும். வெளியேறும்போது நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கடைசியில் 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பூட்டு உள்ள மெஷினா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சளியில் மூக்கு அடைத்திருந்தாலோ காதில் தொற்று இருந்தாலோ தேதியைத் தள்ளிப்போடுங்கள். நடுக்காது போன்ற மூடிய இடங்களுக்குள் இந்த வாயு புகுந்து அழுத்தும். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அறைக்குள் நிற்க வேண்டாம், அப்பா போகட்டும்.

நரம்பு பாதிக்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். கேக் க்ரீமை நுரைக்க வைக்கும் குட்டி சிலிண்டரில் இருப்பதும் இதே வாயுதான். அதை பலூனில் பிடித்துப் போதைக்காகத் திரும்பத் திரும்ப இழுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் செயலிழந்து கால் மரத்துப்போகிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றிரண்டு முறை கொடுப்பதால் அந்த நிலை வராது.

வயிறு முட்டச் சாப்பிட்டால் வாந்தி வரலாம்; எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வாயைத் திறந்தபடியே மூக்கால் மூச்சு விட இன்றிலிருந்து வீட்டில் பழக்குங்கள். வாயால் மூச்சு விட்டால் வாயு உள்ளே போகாது.