நோர்வேயில் கூட்டத்துக்கு நடுவே பின்னல் ஊசி எடுக்கலாமா?

தங்கச்சி, நீர் கேட்டது இதுதான்: முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கி முதல் கூட்டத்துக்குப் போனீர். பொறுப்பாளர் கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கதிரையில் இரண்டு பேர் மடியில் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தினம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. உமக்கும் ஊரில் பழகிய கை. ஆனால் ஊசியை எடுத்தால் 'நேற்று வந்தவளுக்கு என்ன திமிர்' என்று நினைப்பினமோ என்று பயம்.

தாராளமாக எடும். திமிர் என்று ஒருத்தரும் நினைக்க மாட்டினம்.

பெரியவர் கதைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினவர்கள் நாங்கள். இங்கே மேசைக்குக் கீழே போன் நோண்டினால்தான் முகம் சுளிப்பினம். பின்னுகிற ஆள் தலையை நிமிர்த்திக் கதைக்கிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்தில் கைவினைப் பாடம் பெடியன், பெட்டை எல்லாருக்கும் உண்டு. உம்முடைய பொறுப்பாளரும் சின்ன வயதில் ஒரு கோணல் சால்வையாவது பின்னியிருப்பார்.

அதனால் எண்ணத் தேவையில்லாத வேலையைக் கொண்டு போம். நேர்ப்பின்னலில் சால்வை, காலுறையில் கணுக்காலுக்கு மேலே நேரே போகிற பகுதி, அப்படி. இரண்டு நிற நூலில் செல்பு நட்சத்திரம் (இங்கத்தைய பழைய எட்டு முனை நட்சத்திரக் கோலம்) போடுகிற கையுறையைக் கூட்டத்துக்குக் கொண்டு போனால் கண் முழுக்கக் கட்டம் போட்ட தாளில்தான் இருக்கும். பிறகு 'இவள் கேட்கிறாளில்லை' என்று நினைத்தால் அது நியாயம்தானே.

முதல் தடவை மட்டும் தொடங்கமுன் கேளும்: "கோர் தெ ப்ரா அட் யாய் ஸ்ட்ரிக்கெர்?" நான் பின்னினால் பரவாயில்லையா என்று. பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவினம். விரும்பாத ஆட்களும் இருக்கினம், சில வகுப்புகளில் வேண்டாமென்று நேரே சொல்லுவினம். சொன்னால் பைக்குள் வைக்கிறதுதான். வேலைக்கான நேர்முகம், பொறுப்பாளரோடு தனியே இருந்து கதைக்கிற வருடாந்தச் சந்திப்பு, நோயாளியின் பிள்ளைகளோடு கதைக்கிற நேரம், இதுகளில் கேட்கவே வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

நோயாளியைக் கழுவித் துடைக்கிற வேலைக்கு நடுவிலும் கூடாது. மோதிரமே போடக் கூடாத இடத்தில் கம்பளி நூலுக்கு என்ன வேலை? ஆனால் பின்னேரம் கோப்பிக்குப் பிறகு எல்லாரும் இருக்கிற பொது அறையில் உம்மை இருக்கச் சொன்னால், அதுதான் பின்னலுக்குச் சரியான இடம். எனக்கு அங்கே நடந்ததைச் சொல்கிறேன். காலை சாப்பிட்டதை மறந்துபோகிற ஒரு அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. எழும்பி வந்து, என் வலது கையிலிருந்த நூலைக் கழற்றி, இடது கை ஆட்காட்டி விரலில் சுற்றிவிட்டுத் திரும்பவும் போய் இருந்துவிட்டா. நாங்கள் ஊரில் தையல் பாடத்தில் படித்தது வலது கையால் நூலை எறிகிற இங்கிலீஷ் முறை. இங்கே நூல் இடது கையில். உமக்கும் இது நடக்கும், கோபிக்காதேயும். ஜேர்மன்காரர் பிடித்திருந்த காலத்தில் சிவப்புக் கம்பளித் தொப்பி எதிர்ப்பின் அடையாளமானதையும், 1942இல் அதற்குத் தடை வந்ததையும் அந்த வயதுக்காரர் கதை கதையாகச் சொல்லுவினம்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு யன்னலைப் பார்க்கிற இந்தச் சனம், நூலைக் கண்டால் மட்டும் வாய் திறக்கும். என்ன நூல், யாருக்கு, எத்தனையாம் நம்பர் ஊசி என்று கேட்பினம். மொழி பழக இதைவிட மலிவான வகுப்பு இல்லை.

இவர்களுடைய பைத்தியம் எவ்வளவு என்றால், 2013 நவம்பரில் அரச தொலைக்காட்சியான என்.ஆர்.கே. ஒரு இரவு முழுக்கப் பின்னலையே காட்டியது. செம்மறியின் மயிரை வெட்டி, நூலாக்கி, ஸ்வெற்றர் பின்னி முடிக்கிறது வரைக்கும் நேரடி ஒளிபரப்பு. இதைக் கெதியாக முடிக்கிற உலக சாதனையை முறிக்கத்தான் இருந்தவை, 8 மணித்தியாலத்துக்கு மேல் இழுத்துத் தோற்றுப்போச்சினம். பக்கத்து பின்லாந்தில் இன்னும் விசேஷம்: 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் அந்தி கொஸ்கினென், தன்னுடைய வீரர் பாயப்போகிற வாசலிலேயே நின்று பின்னிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில், உலகமே பார்க்க!

எங்கட ஆட்கள்தான் கொஞ்சம் கரைச்சல். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடியுமட்டும் மண்டபத்தில் இருந்து பின்னினால் முதல் கேள்வி, "ஆருக்குப் பிள்ளை பிறக்கப் போகுது?" உமக்கு இப்பதான் கலியாணம் முடிந்தபடியால் அந்தக் கேள்வி உமக்கே வரும். இரண்டாவது, "கடையில மலிவாக் கிடக்கே, ஏன் மினக்கெடுகிறாய்?" நான் பதில் சொல்கிறதில்லை. கேட்ட அக்காவே பிறகு தன் பேரனுக்குத் தொப்பி வேண்டுமென்று வந்து நிற்பா.

மர ஊசி வாங்கும், சத்தம் வராது. அதிலும் இரண்டு முனையையும் வயரால் இணைத்த வட்ட ஊசிதான் கூட்டத்துக்கு நல்லம். நீள இரும்பு ஊசி நழுவி நிலத்தில் விழுந்தால்தான் அத்தனை தலையும் உம் பக்கம் திரும்பும். முதல் வேலைக்குப் பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கிற துணி போடும். சதுரமாக நேரே போகிற பின்னல்தான். நத்தாருக்கு வேலையிடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தால் இங்கே அது மரியாதையான பரிசு.