உச்சவரம்புக்குள் அடங்காத பணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மேற்கு சிட்னியின் விளையாட்டு மைதானங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பென்ரித் பேந்தர்ஸ் அணி 2021 முதல் 2024 வரை ரக்பி லீக் கோப்பையைத் தொடர்ந்து நான்கு முறை வென்றதற்கு அந்தக் கிளப்பின் பண்பாடே காரணம் என்று அதில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நான் மெல்பர்னில் வசிப்பவன். என் மகன் மெல்பர்ன் ஸ்டார்ம் அணியின் தீவிர ரசிகன். ஸ்டார்மின் பண்பாட்டைப் பற்றியும் இங்கே இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அந்த அணி வீரர்களுக்கு ரகசியமாகக் கூடுதல் பணம் கொடுத்தது 2010இல் அம்பலமாகி, இரண்டு கோப்பைகள் பறிக்கப்பட்டன. பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். விளையாட்டு மைதானத்தில் மட்டும் பாயாதா? பண்பாடு என்பது வென்ற பிறகு வெற்றிக்கு ஒட்டப்படும் அழகான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. தோற்ற அணியின் பண்பாட்டைப் பற்றி யாராவது பேசி நீங்கள் கேட்டதுண்டா?

இன்னொரு சிறிய கேள்வி. ஸ்டார்ம் எத்தனை முறை சாம்பியன் என்று மகன் கேட்டால் நான் நான்கு என்பதா, ஆறு என்பதா?

பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மெல்பர்ன் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி சோம்பலில் எழுதப்பட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பண்பாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்ற வசதி அந்தச் சொல்லுக்கு உண்டு, அந்த வசதியை நானும் எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் தோற்ற அணியின் பண்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது சரியல்ல. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடத்தில் முடித்த வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியின் பண்பாட்டைப் பற்றிச் சிட்னிப் பத்திரிகைகள் பேசாத வாரமே இருந்ததில்லை.

பணத்தைப் பற்றிப் பேசுவதில் ரக்பி லீக் ரசிகர்கள் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. இந்த ஆட்டம் பிறந்ததே பணத்தில்தான். 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்து வந்தது, சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுரங்க வேலையையும் ஆலை வேலையையும் விட்டு வந்தவர்களுக்கு அந்த நாளின் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பதற்காக. ஆறு ஷில்லிங்குக்கு மேல் போகாத ஈட்டுத்தொகை அது. சம்பளம் கேட்பது இழிவு என்று கனவான்கள் நினைத்த காலத்தில், இழந்த கூலியைக் கேட்பது நியாயம் என்று சொன்னவர்களின் ஆட்டம் இது.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். பணத்துக்குக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் நீங்கள் சொல்வது முழுவதும் சரி. இங்கிலாந்தில் பெரும்பாலான வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடிய காலத்தில் விகன் அணி முழுநேர வீரர்களை வைத்துக்கொண்டு 1988 முதல் 1995 வரை எட்டு ஆண்டுகள் சேலஞ்ச் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை விளக்கப் பண்பாடு என்ற சொல் தேவையே இல்லை. அந்தக் காலத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு நான் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

ஆஸ்திரேலியாவில் 1990இல் சம்பள உச்சவரம்பு வந்தது. 2023இல் ஒரு கிளப் தன் முதன்மை அணியின் 30 வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய தொகை சுமார் 1 கோடியே 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இந்தத் தொகையும் இதற்கு மேலும் ஒவ்வொரு கிளப்புக்கும் என்ஆர்எல் எனப்படும் ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியின் நிர்வாகமே மானியமாகத் தந்துவிடுகிறது. ஆகவே வீரர்களின் சம்பளம் என்ற ஒரு கணக்கில் கோப்பை வென்ற பென்ரித்தும் கடைசியில் வந்த டைகர்ஸும் ஒரே தட்டில் நின்றன. பணம் மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த இரண்டு அணிகளுக்கும் இடையே அவ்வளவு தூரம் விழுந்திருக்கக் கூடாது. உச்சவரம்பைச் சுற்றிப் போகும் வழிகள் இல்லாமல் இல்லை. சிட்னி ரூஸ்டர்ஸ் கிளப்பின் தலைவர் நிக் பொலிடிஸ் செல்வந்தர் என்பதால், மற்ற அணிகளுக்கு இருப்பது தொப்பி, ரூஸ்டர்ஸுக்கு இருப்பது அகன்ற விளிம்புள்ள சொம்பிரெரோ என்று மற்ற அணிகளின் ரசிகர்கள் கேலி செய்வார்கள். ஆங்கிலத்தில் உச்சவரம்புக்கும் தொப்பிக்கும் ஒரே சொல் என்பதால் வந்த கேலி இது. கேலியை நானும் ரசிக்கிறேன், ஆனால் அதைச் சான்றாக ஏற்பதற்கில்லை.

நீங்கள் சுட்டிக்காட்டும் ஸ்டார்ம் விவகாரத்தில் இரண்டு கணக்குகள் இருந்தன, என்ஆர்எல் நிர்வாகத்துக்குக் காட்ட ஒன்று, உண்மையானது ஒன்று. ஐந்து ஆண்டுகளில் வரம்பை மீறிய தொகை 30 லட்சம் டாலருக்கும் மேல். குற்றத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள். வெளியிலிருந்து பெரிய நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக் குவிக்க அது பெரிதும் பயன்படவில்லை. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் கிராங்க், கிரெக் இங்கிலிஸ் எல்லாரும் ஸ்டார்மில்தான் முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானார்கள். அந்தக் கிளப் வளர்த்த பிள்ளைகள் வளர்ந்து விலை ஏறிவிட்டார்கள். நேர்மையான சம்பளத்தில் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க முடியாத நிலையில்தான் கள்ளக் கணக்கு பிறந்தது. பணம் பண்பாட்டை உருவாக்கவில்லை, பண்பாடு உருவாக்கியதைக் கலையாமல் வைத்திருக்கத்தான் பணம் திருட்டுத்தனமாகத் தேவைப்பட்டது என்று நான் வாசிக்கிறேன்.

2010 ஏப்ரல் 22 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது: 2007, 2009 கோப்பைகள் பறிப்பு, 5 லட்சம் டாலர் அபராதம், பெற்ற பரிசுப் பணம் 11 லட்சத்தைத் திருப்பித் தர உத்தரவு, அந்தப் பருவத்தில் அதுவரை ஈட்டிய புள்ளிகள் நீக்கம், இனி எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளியே கிடையாது. மூன்றே நாள் கழித்து, போர் நினைவு நாளான அன்சாக் நாளில், அந்த அணி நியூசிலாந்து வாரியர்ஸை எதிர்த்து மெல்பர்னில் ஆடியது. வென்றால் கிடைப்பதும் தோற்றால் இழப்பதும் எதுவுமில்லாத ஆட்டம். பெரும் வித்தியாசத்தில் வென்றது. பருவம் முடியும் வரை ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சியில் புள்ளிப் பட்டியலின் அடியில் அந்தப் பெயருக்கு நேரே பூஜ்ஜியம் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின் இங்கிலிஸ் சவுத் சிட்னிக்குப் போனார், ரயன் ஹாஃப்மன் விகனுக்குக் கப்பலேறினார், இன்னும் பலர் கலைந்தார்கள். ஸ்மித், ஸ்லேட்டர், கிராங்க் மூவரும், வேறு கிளப்புகளில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு தங்கினார்கள். 2012இல், கணக்குகள் அனைத்தும் பூதக்கண்ணாடியின் கீழ் இருந்தபோது, அதே பயிற்சியாளர் கிரெய்க் பெலமியின் கீழ் அந்த அணி கோப்பையை வென்றது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒன்று இதில்தான் இருக்கிறது. உச்சவரம்பு உள்ள ஆட்டத்தில் பண்பாடு என்பதும் ஒருவகைப் பணமே. ஒரு வீரர் வேறொரு கிளப்பில் 10 லட்சம் கிடைக்கும் என்று தெரிந்தும் இங்கே 8 லட்சத்துக்குக் கையெழுத்திட்டால், அந்த 2 லட்சம் அந்தக் கிளப்பின் பண்பாட்டுக்குச் சந்தை கொடுத்த விலை. அப்படி ஐந்து பேர் விட்டுக்கொடுத்தால் ஆறாவதாக ஒரு நல்ல வீரரை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. எதிர்ப்பக்கத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் கிளப் அதே வீரரை அழைக்கச் சந்தை விலைக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதன் 1 கோடியே 21 லட்சம் சீக்கிரம் கரைகிறது. காகிதத்தில் ஒரே அளவாக இருக்கும் இரண்டு பைகளில் ஒன்றில் மட்டும் ஓட்டை.

இதோடு நிறுத்திவிட்டால் மறுபடியும் பண்பாட்டைக் கோயிலில் வைத்ததாகிவிடும். பென்ரித்தை நெருங்கிப் பார்த்தால் அந்தப் பக்தி குறையும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, செயின்ட் மேரிஸ் பக்கம் சிறுவர்கள் ஆடும் மைதானம் ஒன்றில் நின்றிருந்தேன். புல்லில் இன்னும் பனி காயவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பயிற்சியாளர் ஒருவர் மண்டியிட்டு, எட்டு வயதுப் பையனின் காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. பையனின் சட்டையில் ஒரு லீக்ஸ் கிளப்பின், அதாவது ரக்பி லீக்கோடு இணைந்த உணவு, கேளிக்கை விடுதியின், பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அன்று மாலை நண்பர் ஒருவர் அதே லீக்ஸ் கிளப்புக்கு உணவுக்கு அழைத்துப் போனார். உணவறைக்குப் போகும் வழியில் போக்கர் இயந்திரங்கள் என்ற சூதாட்டப் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன, ஒரு மூதாட்டி கண் இமைக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இத்தகைய இயந்திரங்கள் 80,000க்கும் மேல் உள்ளன. அவை ஈட்டும் பணம் வீரர்களின் சம்பளத்துக்குள் போக முடியாது, உச்சவரம்பு தடுக்கிறது. ஆனால் சிறுவர் ஆட்டம், பயிற்சிக்கூடம், மருத்துவர், திறமை தேடுபவர் என்று உச்சவரம்பு எண்ணாத எல்லா இடங்களுக்கும் போகிறது. வீரர்களை அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை 1991இல் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்துவிட்டதால், யார் தோட்டத்தில் அதிகம் விளைகிறதோ அவர்களுக்கே முதல் அறுவடை. பென்ரித்தின் தோட்டம் நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஜரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் எல்லாரும் அந்த மண்ணில் ஆடிப் பழகியவர்கள். ஆகவே பணம் இருக்கிறது, நண்பரே. நீங்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நிர்வாகத்திலும் பென்ரித் புனிதக் கதை அல்ல. 2011இல் ஃபில் கூல்டு நிர்வாகியாகப் பொறுப்பேற்றபோது கிளப் கடும் பண நெருக்கடியில் இருந்தது. பயிற்சியாளர் ஐவன் கிளியரியை 2015இல் அதே கிளப் வெளியே அனுப்பியது, அவர் களைத்திருக்கிறார் என்று ஒரு காரணமும் சொன்னது. பிறகு அவரை, வெஸ்ட்ஸ் டைகர்ஸில் ஒப்பந்தத்தில் இருந்தவரை, விடாப்பிடியாகத் திரும்ப அழைத்து 2019இல் அமர்த்திக்கொண்டது. விசுவாசம் என்ற பெயரில் இதைச் சொல்ல முடியாது. ஆனால் வந்த முதல் ஆண்டு அணி இறுதிச் சுற்றுக்கே போகாதபோது அவசரப்பட்டு மறுபடியும் அவரை மாற்றவில்லை, அந்தப் பொறுமைதான் பின்னால் பலன் தந்தது.

2023 இறுதி ஆட்டத்தை மகனோடு நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரிஸ்பேன் ப்ராங்கோஸ் 24, பென்ரித் 8. ஆட்டம் முடிய இருபது நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து மூன்று ட்ரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) அடித்து 26–24 என்று பென்ரித் வென்றது. பயிற்சியாளரின் மகன் நேதன் கிளியரி அடித்த கடைசி ட்ரையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய ட்ரைதான் முக்கியம். அதை அடித்த கிரைட்டன் அடுத்த பருவத்துக்குக் கேன்டர்பரி புல்டாக்ஸுடன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். பென்ரித்தால் கொடுக்க முடியாத சம்பளத்தை வேறிடத்தில் ஏற்றுக்கொண்டவர், அந்தச் சட்டையில் ஆடிய கடைசி ஆட்டத்தில் அதைச் செய்தார். பணத்துக்காகப் போவதும் போகும் நாள் வரை முழுமையாக ஆடுவதும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

பணம் மட்டும் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூகாசில் நைட்ஸ் போதும். நிலக்கரி அதிபர் நேதன் டிங்க்ளர் 2011இல், பத்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் என்ற வாக்குறுதியோடு கிளப்பை எடுத்துக்கொண்டார். உறுப்பினர்கள் பெருவாரியாக வாக்களித்து வரவேற்றார்கள். உலகின் தலைசிறந்த பயிற்சியாளர் என்று பலர் சொல்லும் வெய்ன் பென்னட் வந்தார், 2013இல் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை அணி போனது. பிறகு அதிபரின் தொழில் சரிந்தது, 2014இல் கிளப் கைமாறியது, பென்னட்டும் போனார். 2015, 2016, 2017 மூன்று ஆண்டும் கடைசி இடம். வந்தவர்கள் ஒருவருக்காக வந்தார்கள், அவர் போனபோது அங்கே தங்குவதற்குக் காரணம் இல்லை.

இங்கிலாந்திலிருந்து ஒன்று மட்டும். வாரிங்டன் அணிக்குச் செல்வந்த உரிமையாளர் உண்டு, நல்ல வீரர்களும் உண்டு, ஆனால் 1955க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை. அதன் பக்கத்து ஊரான செயின்ட் ஹெலன்ஸ், என்ஆர்எல் உச்சவரம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள சம்பளத் தொகையோடு, 2023 பிப்ரவரியில் பென்ரித்துக்கே பறந்து வந்து, கூடுதல் நேரத்தில், பந்தைத் தரையில் விழவிட்டு உதைத்து அடித்த ஒரே ஒரு டிராப் கோலால் 13–12 என்று உலகக் கிளப் பட்டத்தை எடுத்துச் சென்றது.

மகனின் கேள்விக்கு வருகிறேன். நான்கு என்று சொல்லுங்கள்: 1999, 2012, 2017, 2020. பறிக்கப்பட்ட இரண்டும் யாருக்கும் மாற்றித் தரப்படவில்லை, அந்த ஆண்டுகளுக்கு நேரே பட்டியலில் இடம் காலியாகவே இருக்கிறது. 2009 இறுதி ஆட்டத்தில் ஸ்டார்மிடம் 23–16 என்று தோற்றது பராமட்டா. அந்த அணி 1986க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் பராமட்டா ரசிகர், அந்தக் காலி இடத்தைப் பற்றி ஒவ்வோர் அக்டோபரிலும் வேலி ஓரமாக நின்று என்னிடம் பேசுவார். மகனை ஒருமுறை சிட்னிக்கு அழைத்து வந்தால் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள், என்னைவிட நீளமாகப் பதில் சொல்வார்.

அன்புடன்.